டீ ஆறுவதற்குள் பதின்மூன்று இலக்கம்

5242 கோடியே 88 லட்சம். இலக்கத்தில் எழுதினால் 52428800000. நம் விக்கிரமங்கலம் பக்கத்து மண்ணோடு சம்பந்தப்பட்ட எண் இது. ராஜராஜ சோழன் காலத்தில் நிலத்துக்கு வரி போட்டபோது, ஒரு வேலியை இத்தனை பங்காக்கி அதில் ஒரு பங்குவரை கணக்கு எழுதினார்கள் என்று சோழர் வரலாற்று நூல்களில் படிக்கலாம். அவன் மகன் ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு, அதாவது இன்றைய நம் அரியலூர் மாவட்டத்துக்கே, கொண்டுவந்துவிட்டான். ஆகவே இந்த எண்ணை நம் ஊர் எண் என்று உரிமையோடு சொல்லலாம்.

கடைத்தெருவில் டீக்கு உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பாலிடெக்னிக் படிக்கும் தம்பி உடனே கேட்டான்: "அது எப்படி சார்? ஒரு வேலி ஆறரை ஏக்கர்னே வச்சுக்கிட்டாலும் இத்தனை பங்கு போட்டா ஒரு பங்கு கடுகு அளவுகூட வராதே. யாரு கயிறு போட்டு அளந்தா?"

நல்ல கேள்வி. யாரும் கயிறு போட்டு அளக்கவில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர்கூட இல்லாத துண்டை அளக்க எந்தக் கோலும் கிடையாது. அது கணக்கில் விழுந்த பின்னம். பல துண்டு நிலங்களின் பரப்பைக் கூட்டிக் கழிக்கும்போது மிஞ்சும் நுனியைக்கூட விடாமல் எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த நுணுக்கத்தைவிட அந்த எண்ணின் உள்ளே இருப்பதுதான் வியப்பு. அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பாருங்கள்: 2 இருபத்து நான்கு முறை, 5 ஐந்து முறை. வேறு எதுவும் இல்லை. பதினோரு இலக்கத்துக்குள் 3 கிடையாது, 7 கிடையாது, 11 கிடையாது.

காரணம் தமிழ் வாய்பாட்டில் இருக்கிறது. ஒன்றை இருபது பங்கு போட்டால் ஒரு மா. மாவை நாலாகப் பங்கிட்டால் காணி, எண்பதில் ஒன்று. காணியை நாலாகப் பங்கிட்டால் முந்திரி, முந்நூற்று இருபதில் ஒன்று. அதற்கும் கீழே போக வேண்டுமானால் முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு மறுபடி முந்நூற்று இருபது பங்கு: அது கீழ்முந்திரி. இப்படியே இறங்கிக்கொண்டு போகலாம். 320 என்பது 2 ஆறு முறையும் 5 ஒரு முறையும் பெருக்கிய எண். நாலு படி இறங்கினால் 320 × 320 × 320 × 320. அங்கே போய் இன்னும் ஐந்தில் ஒன்று எடுத்தால் நம் 52428800000 வந்து நிற்கும். பாதி, கால், ஐந்தில் ஒன்று என்று மட்டுமே பங்கு பிரித்த ஒரு சமூகத்தின் பழக்கம் முழுவதும் அந்த எண்ணின் காரணிகளில் பதிந்து கிடக்கிறது.

அதன் குறையும் அங்கேயே தெரியும். மூன்று அண்ணன் தம்பிகள் ஒரு வேலியைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றால், முந்திரிக்குக் கீழே எத்தனை படி இறங்கினாலும் கணக்கு முடியாது. 3 உள்ளே இல்லாத எண்ணை மூன்றால் மீதியின்றி வகுக்க வழியே இல்லை. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதே கதைதான்.

இங்கிருந்து இன்னொரு எண்ணுக்குப் போவோம். கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அறுபத்து மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு நீண்ட அட்டவணை. அதன் கடைசி எண் இது:

6746328388800

ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பதின்மூன்று இலக்கம். "இதோட காரணியைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வேணும் சார்" என்றான் தம்பி. வேண்டாம். பேனா போதும், டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் இரண்டு பூஜ்யம் இருக்கிறது. அதாவது 100 வகுக்கும். 100 என்பது இரண்டு 2, இரண்டு 5. அதை எடுத்துவிட்டால் 67463283888. இரட்டைப்படை எண், பாதியாக்குங்கள்: 33731641944. மறுபடி: 16865820972. மறுபடி: 8432910486. இன்னும் ஒரு முறை: 4216455243. ஒற்றைப்படை வந்துவிட்டது, 2-இன் வேலை முடிந்தது. முதலில் இரண்டு, இப்போது நான்கு, மொத்தம் ஆறு 2.

இனி இலக்கங்களைக் கூட்டுங்கள். 4+2+1+6+4+5+5+2+4+3 = 36. ஒன்பதால் வகுபடும். வகுத்தால் 468495027. இதன் இலக்கக் கூட்டல் 45. மறுபடியும் ஒன்பது: 52055003. இப்போது கூட்டல் 20. மூன்றால் வகுபடாது. ஆக நான்கு 3.

மிச்சம் 52055003. இங்கேதான் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் சொல்லித்தராத ஒரு வழி உதவுகிறது. 1001 என்பது 7 × 11 × 13. ஆயிரத்துக்கு ஒன்று கூட இருப்பதால் ஒரு வசதி. எந்த எண்ணையும் வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, முதல் துண்டைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, அதற்கடுத்ததைக் கூட்டி என்று போக வேண்டும். விடை பூஜ்யமானால் 1001 அந்த எண்ணை வகுக்கும். நம் எண்ணை வெட்டினால் 52, 055, 003. மூன்றிலிருந்து ஐம்பத்தைந்தைக் கழித்து ஐம்பத்திரண்டைக் கூட்டுங்கள். பூஜ்யம். ஆக 7, 11, 13 மூன்றும் ஒரே வீச்சில் கிடைத்துவிட்டன. 1001 ஆல் வகுத்தால் 52003.

52003-ஐ ஏழால் வகுக்கலாம்: 7429. ஆக 7 இரண்டு முறை. 7429-க்கு 11 சரிப்படாது, 13 சரிப்படாது, 17 சரிப்படும்: 437. இந்த 437-ஐப் பார்த்தால் பகா எண் போலத்தான் தோன்றும். ஆனால் அதற்குச் சற்று மேலே 441 இருக்கிறது, 21-இன் வர்க்கம். 441-க்கும் 437-க்கும் வித்தியாசம் 4, அதுவும் ஒரு வர்க்கம். ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்தால் என்ன வரும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். 21-இலிருந்து 2 கழித்தால் 19, 2 கூட்டினால் 23. 437 = 19 × 23. இந்த 437-ஐ மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

முடிந்தது. 6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

"இவ்வளவு சின்ன எண்ணுங்களா உள்ள இருக்கு?" என்றான் தம்பி. அதுதான் விஷயம். 23-க்கு மேல் ஒரு பகா எண்கூட இல்லை. 23 வரை உள்ள ஒரு பகா எண்ணும் விடுபடவும் இல்லை. ராமானுஜன் தேடியது இப்படிப்பட்ட எண்களைத்தான்: தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும்விட அதிகமான வகுத்திகள் கொண்டவை. உயர்பகு எண் என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும். பார்த்ததும் பழகிய முகங்களாகத் தெரியும். ஒரு டஜன், நாளுக்கு 24 மணி, பழைய கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை. பலவிதமாகப் பங்கு பிரிக்க வசதியானவற்றையே மனிதர்கள் அளவைகளாக எடுத்துக்கொண்டார்கள்.

வகுத்திகளை எண்ணுவதற்கு ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. 360-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று 2, இரண்டு 3, ஒரு 5. இதன் வகுத்தி எதுவானாலும் அது இந்தச் சரக்கிலிருந்துதான் வர வேண்டும். 2-ஐ ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு, அல்லது மூன்றும் எடுக்கலாம்: நான்கு வழி. 3-க்கு மூன்று வழி. 5-க்கு இரண்டு வழி. 4 × 3 × 2 = 24 வகுத்திகள். நம் பதின்மூன்று இலக்க எண்ணுக்கு இதே கணக்கு: 7 × 5 × 3 × 3, பிறகு ஒற்றையாக உள்ள ஐந்து பகா எண்களுக்கு ஐந்து முறை 2. மொத்தம் 10080. ஒப்பிட்டுப் பாருங்கள், சோழர் கணக்கின் 52428800000-க்கு 25 × 6 = 150 வகுத்திகள்தான்.

அடுக்குகளைக் கவனியுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. ஏறவே இல்லை, இறங்குகிறது அல்லது அப்படியே நிற்கிறது. இது தற்செயல் அல்ல. 12-க்கும் 18-க்கும் ஆறாறு வகுத்திகள். ஒன்றில் 2 இரண்டு முறை, மற்றதில் 3 இரண்டு முறை. வகுத்திகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது சின்ன எண்ணான 12 முந்திக்கொள்ளும், 18-க்குப் பட்டியலில் இடமில்லை. பெரிய அடுக்கைச் சின்னப் பகா எண்ணுக்குக் கொடுத்தால்தான் எண் சிறியதாகும். இதுவரை நீங்களும் நானும் யோசித்தே கண்டுபிடிக்கலாம். ராமானுஜன் இதற்கு மேலே போனார். வரிசையின் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 ஆகத்தான் இருக்கும், 4-உம் 36-உம் மட்டுமே விதிவிலக்கு என்று நிறுவினார். எந்தப் பகா எண்ணுக்கு எந்த அடுக்கு வரும் என்பதற்கு எல்லைகள் போட்டார். வெளியிலிருந்து ஒரு நீண்ட இலக்க வரிசையாகத் தெரிவதை அவர் உள்ளிருந்து கட்டிக் காட்டினார்.

இந்த ஆய்வுக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. ஊரில் கல்லூரித் தேர்வில் தேறாதவர், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர், அங்கே பட்டதாரி ஆனது இந்த வகுத்திக் கணக்கால். கட்டுரை முழுவதும் அப்போது அச்சாகவில்லை. லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி, ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பகுதியை எண்பது ஆண்டுக்குப் பிறகு, 1997-இல், பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் நிக்கோலாவும் ரோபனும் குறிப்புகள் எழுதி வெளியிட்டார்கள். அது வெளிவந்த இதழின் பெயரே ராமானுஜன் இதழ்.

1915 கட்டுரையின் அட்டவணையில் ஒரு செய்தி இருக்கிறது. ராமானுஜன் ஓர் எண்ணை விட்டுவிட்டார்: 293318625600. இதற்கு 5040 வகுத்திகள். அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய எண். பின்னால் சரிபார்த்தவர்கள் கண்டார்கள். இதை இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஒன்று தெரியும். 293318625600-ஐ 23 ஆல் பெருக்குங்கள். 6746328388800 வரும். விட்டுப்போன எண்ணை இருபத்து மூன்று மடங்காக்கினால் அட்டவணையின் கடைசி எண்.

இதைக் கேட்டதும் சிலருக்கு மனம் சுருங்கும், ராமானுஜனா தவறவிட்டார் என்று. எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள் என்ற கதையை மட்டுமே சொல்லிச் சொல்லி, அந்த மனிதர் உட்கார்ந்து எழுதித் தேய்த்த உழைப்பை நாம் மறைத்துவிட்டோம். அட்டவணையில் ஒரு வரி விட்டுப்போவது கையால் கணக்குப் போட்டவருக்குத்தான் நடக்கும். அத்தனை பெரிய பட்டியலில் ஒன்றே ஒன்று என்பதுதான் நினைத்துப் பார்க்க வேண்டியது.

  

"அப்ப பெரிய எண்ணுன்னா கஷ்டம்ங்கறது சும்மாவா?" என்றான் தம்பி, இரண்டாவது டீ வந்த பிறகு. அப்படிச் சொல்ல முடியாது. எண் பெரிதாக இருப்பதால் மட்டும் கடினம் வருவதில்லை. உள்ளே இருக்கும் பகா எண்கள் பெரிதாக இருந்தால்தான் கடினம்.

இதற்குச் சரியான சாட்சி ஸ்டான்லி ஜெவன்ஸ். பொருளாதாரத்தில் பெரிய பெயர். அவர் 1874-இல் வெளியிட்ட அறிவியல் முறை பற்றிய நூலில் ஒரு சவால் விட்டார். 8616460799 என்ற எண் எந்த இரண்டு எண்களின் பெருக்கல்? தன்னைத் தவிர வேறு யாருக்கும் இது ஒருபோதும் தெரியப்போவதில்லை என்று நம்பினார். பத்தே இலக்கம். நாம் இப்போது உடைத்த எண்ணைவிட மூன்று இலக்கம் குறைவு. ஆனால் 2, 3, 5, 7 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம் பகா எண்களைத் தாண்டிய பிறகே விடை வரும். 89681 × 96079. இரண்டும் பகா எண்கள்.

இப்போது 437-ஐ நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அதே வழியை இங்கே போடுவோம். 8616460799-க்கு உடனே மேலே உள்ள வர்க்கம் 92825-உடையது. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் வருவது வர்க்கமா? இல்லை. 92826? இல்லை. ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனால் ஐம்பத்தாறாவது முயற்சியில் 92880 வரும். அதன் வர்க்கம் 8626694400. கழித்தால் 10233601. அது 3199-இன் வர்க்கம். 92880-இலிருந்து 3199-ஐக் கழியுங்கள், கூட்டுங்கள். ஜெவன்ஸின் இரண்டு எண்களும் வெளியே வந்துவிடும். யாராலும் முடியாது என்று அவர் நினைத்ததை ஒரு பகல் பொழுதில் பொறுமையுள்ள ஒருவர் கையாலேயே முடித்திருக்கலாம். இந்த வழியோ பதினேழாம் நூற்றாண்டில் பெர்மா சொன்னது, ஜெவன்ஸுக்கு இருநூறு ஆண்டு முன்னால்.

அவர் செய்த பிழை இரண்டு பகா எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்தது. அதனால்தான் அவற்றின் நடு எண் வர்க்கமூலத்துக்கு அருகிலேயே இருந்தது. இன்று வங்கிகளும் இணையதளங்களும் ரகசியம் காக்கும் முறைகளில் ஒன்று, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்குத்தொகையை மட்டும் வெளியே காட்டுவது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் அமைத்த அந்த முறையில் ஒரு நிபந்தனை, இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கக் கூடாது. ஜெவன்ஸ் தவறிய அதே இடம்.

அந்த மூவரும் அதே 1977-இல் 129 இலக்க எண் ஒன்றைப் பொதுவில் வைத்தார்கள். கோடானுகோடி ஆண்டு ஆகும் என்றார்கள். 1994-இல் உலகெங்கும் அறுநூறு பேர் தங்கள் கணினிகளைக் கொடுத்து எட்டு மாதத்தில் உடைத்துவிட்டார்கள். 2020-இல் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. இப்போது நடைமுறையில் உள்ள இத்தகைய ரகசியப் பூட்டுகள் பலவற்றின் எண்ணுக்கு 617 இலக்கம்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஓரிடம் உண்டு. ஓர் எண் பகா எண்தானா என்று கேட்பது ஒன்று. பகா எண் இல்லையென்றால் அதன் காரணிகள் என்ன என்று கேட்பது வேறு. முதல் கேள்விக்கு எவ்வளவு பெரிய எண்ணானாலும் திட்டவட்டமாக, நியாயமான நேரத்தில் விடை சொல்லும் வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு அப்படி ஒரு வழி சாதாரணக் கணினிக்கு இன்னும் கிடைக்கவில்லை. இந்த எண் உடையும் என்று சொல்ல முடிகிறது, எங்கே உடையும் என்று சொல்ல முடியவில்லை. மேலே சொன்ன பூட்டுகள் நிற்பது இந்த இடைவெளியில்தான்.

தம்பி இப்போது இன்னொன்று கேட்டான். "சும்மா ஒரு பெரிய எண்ணை எடுத்தா அது எந்த வகை சார்? ராமானுஜன் எண்ணு மாதிரியா, ஜெவன்ஸ் எண்ணு மாதிரியா?" இதைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எத்தனை டீ வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம். இதே கேள்விக்குக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து 1917-இல் பதில் எழுதினார்கள். ஓர் எண்ணில் எத்தனை வேறு வேறு பகா எண்கள் இருக்கும்? எண்ணின் இயல் மடக்கையை (e அடிமானம்) எடுத்து, அந்த விடைக்கு மறுபடி அதே மடக்கை எடுத்தால் வருவதுதான் வழக்கமான எண்ணிக்கை. இது நம்ப முடியாத அளவுக்கு மெதுவாக வளரும். பதின்மூன்று இலக்க எண்ணுக்கு மூன்றரை போல. எண்பது இலக்கத்துக்கு ஐந்தைச் சற்றே தாண்டும். எண்பது இலக்கம் என்றால் நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டிய அண்டத்தின் அணுக்களை எண்ணும் அளவு. அதற்குள்ளும் சாதாரணமாக ஐந்தாறு பகா எண்கள்தான் இருக்கும்.

நம் 6746328388800-க்குள் ஒன்பது வேறு வேறு பகா எண்கள். ஆகவே அது மிக அபூர்வமான எண். ராமானுஜன் முதலில் அபூர்வங்களைத் தேடிப் பட்டியல் போட்டார், இரண்டு ஆண்டில் சாதாரண எண் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டார். அதன் நிறுவல் நீளமாகவும் கடினமாகவும் இருந்தது. 1934-இல் ஹங்கேரியின் பால் துரான் சுருக்கமான வழி ஒன்று கொடுத்தார். 1940-இல் எர்டிஷும் காட்ஸும் இன்னும் ஒரு படி போய், பகா எண்களின் எண்ணிக்கை அந்த வழக்கமான அளவைச் சுற்றி மணி வடிவ வளைவில் பரவும் என்று காட்டினார்கள். வகுப்பு மாணவர்களின் உயரத்தை வரைந்தால் வரும் அதே வளைவு எண்களின் காரணிகளிலும் வருகிறது. எத்தனையோ முறை படித்தும் எனக்கு இது பழகிப்போகவில்லை.

அதே 1940-இல் நம் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார், பெயரைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. எஸ். எஸ். பிள்ளை. தென்காசிப் பக்கம் 1901-இல் பிறந்தவர். கொள்ளிடத்தின் வடகரையில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அப்போது ஆசிரியர். அடுத்தடுத்து வரும் எண்களை எடுத்துக்கொண்டு அவர் ஒன்று நிறுவினார். பதினாறு எண்கள் வரை தொடர்ச்சியாக எங்கே எடுத்தாலும், அவற்றில் ஒன்றாவது மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும். பதினேழு ஆனால் அது உறுதி இல்லை.

இதைச் சோதித்துப் பார்ப்பது சுகமான வேலை. 2184-இலிருந்து 2200 வரை எழுதுங்கள். பதினேழு எண்கள். இரட்டைப்படை எண்கள் எல்லாம் 2-ஆல் ஒன்றோடொன்று உறவு. மிச்சம் எட்டு. 2187, 2193, 2199 மூன்றையும் 3 இணைக்கிறது. 2185-ஐயும் 2195-ஐயும் 5 இணைக்கிறது. 2191-ஐ ஏழால் வகுக்கலாம், 2184-ஐயும் வகுக்கலாம். 2189-ஐப் பதினொன்றால் வகுக்கலாம், 2200-ஐயும் வகுக்கலாம். கடைசியாக 2197. அது 13 × 13 × 13, பதின்மூன்று 2184-லும் இருக்கிறது. ஒன்றுகூடத் தனித்து நிற்கவில்லை. பிள்ளை 1950 ஆகஸ்டில், அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ராமானுஜனுக்குக் கும்பகோணத்தில் வீடு நினைவகமாக இருக்கிறது, சாஸ்திரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பராமரிக்கிறது. பிள்ளையின் பெயர் கணக்கு ஆசிரியர்களின் அறையில்கூடக் கேட்பதில்லை. இது சரியில்லை.

நம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே காரணிச் செடி வரைகிறார்கள். 36, 48, 72 என்று வரைந்து, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. எந்த எண்ணும் ஒரே ஒரு விதமாகத்தான் பகாக் காரணிகளாகப் பிரியும் என்ற தேற்றம் பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக வந்துபோகிறது. அந்தத் தேற்றத்தின் பலத்தில்தான் 10080 வகுத்திகளை ஒன்றைக்கூடத் தேடாமல் எண்ண முடிந்தது என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை. கால்குலேட்டர் விடையைக் கொடுத்துவிடும், உண்மைதான். ஆனால் 52, 055, 003 என்று வெட்டி, கூட்டிக் கழித்து, பூஜ்யம் வரும்போது ஒரு பிள்ளையின் முகத்தில் வருவது கால்குலேட்டரால் வராது. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாள். அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்துக் கணக்கு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்துக்கு மாலை போடுங்கள், பேச்சுப் போட்டி வையுங்கள். அதோடு ஒரு பாடவேளையை மட்டும் ஒதுக்கி, ராமானுஜன் விட்டுவிட்ட 293318625600-ஐ எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், தாளும் பேனாவும் போதும். இரண்டு பூஜ்யத்தில் தொடங்கட்டும், பாதியாக்கட்டும், இலக்கங்களைக் கூட்டட்டும், 1001-ஐப் போட்டுப் பார்க்கட்டும். கடைசியில் 323-இல் வந்து யாராவது நின்றுவிட்டால், அது 18-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு என்று மட்டும் சொல்லுங்கள்.